பூந்திப் பொட்டலத்துக்குப் போட்ட கையெழுத்து

பொன்னேரி,
8-12-1974

அன்பு மகள் ரத்னாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ரோசம்மாள் அக்காவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தை செல்வியும் அப்படியே இருக்கிறீர்கள் என்று உன் கைப்பட எழுதி வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். வடக்கே பிலாயில் குளிரில் பல் கிட்டிப் போகிறது என்று எழுதியிருந்தாய், குழந்தையைக் காதை மூடாமல் வெளியே தூக்கிக்கொண்டு போகாதே, தலைக்கு ஊற்றினால் வெயில் ஏறிய பிறகு ஊற்று. போன மாதம் அனுப்பிய சென்னாக்குனிக் கருவாடு வந்து சேர்ந்ததா, நன்றாக வெயிலில் காட்டித்தான் கட்டினேன், அப்படியும் நாற்றம் அடித்தால் தபால்காரர் மூக்கைப் பிடித்திருப்பார், அவருக்கு என் பேரில் ஒரு கும்பிடு போட்டுவிடு. ஐந்து மாதமாக நாலு வரிக் கார்டாகவே போட்டுக்கொண்டிருக்கிறேன், அம்மாவுக்கு என்னை மறந்துபோய்விட்டது என்று நீ கோபித்து எழுதியது நியாயம்தான். மறக்கவில்லை ரத்னா. எழுத உட்கார்ந்தால் உண்மையைச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருந்தது. நம் வீடு நம் கையை விட்டுப் போக இருந்தது. பதறாதே, அதே வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமையோடு எல்லாம் தீர்ந்தது, அதனால்தான் இவ்வளவு தாள் வாங்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மாப்பிள்ளைக்குப் பாதிதான் தெரியும், அவருக்கும் சேர்த்து முதலிலிருந்து சொல்கிறேன், நீ படித்துக் காட்டு. செல்வி பிறந்தபோது அழவில்லை, உடம்பு நீலம் பாய்ந்து துணி போலக் கிடந்தது. நீ மயக்கத்தில் இருந்தாய். ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கும் நர்ஸ் ரோசம்மாள் அக்காதான் குழந்தை வாயில் வாயை வைத்து ஊதி ஊதி, முதுகைத் தட்டி, விடாமல் உயிரை இழுத்துக்கொண்டு வந்தாள். குழந்தை வீறிட்டதும் அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுததை நான் என் கண்ணால் பார்த்தேன். அந்த அக்கா ஆரணி ஆற்றங்கரையில் குடியிருந்த ஓட்டு வீட்டுச் சுவர் போன வருஷ மழையில் இடிந்து விழுந்தது, புருஷனும் இல்லை பிள்ளையும் இல்லை, ஒரு டிரங்குப் பெட்டியோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்திருந்தாள். நான் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்து நம் பின்பக்கத்து அறையைக் கொடுத்தேன். வாடகை என்ற பேச்சே வாயில் வரவில்லை. இதைப் போய் யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, உன் அப்பாவுக்கும் தோன்றவில்லை.

ஆனால் நம் காலனி கூட்டுறவு வீடு கட்டும் சங்கத்துக் காலனி. தவணை முடிகிற வரைக்கும் வீடு அப்பா பேரில் ஒதுக்கீடுதான், சொந்தம் இல்லை. நிர்வாகக் குழுவைக் கேட்காமல் வெளியாளை வாடகைக்கு வைத்தால் ஒதுக்கீட்டை ரத்து செய்யலாம் என்று சங்கத்து விதியில் இருக்கிறது. பிரசவ வலி வேளை பார்த்தா வரும், அக்காவைத் தேடி ஆட்கள் கண்ட நேரத்தில் வந்து கேட்டைத் தட்டினார்கள், மாட்டு வண்டி உள்ளே வந்தது, யார் வீட்டு முருங்கையையோ மாடு மேய்ந்தது. நாலு பேர் போய்த் தலைவர் சுப்பராயனிடம் சொல்லிவிட்டார்கள். அவரை உனக்கு நினைவிருக்கும், ரிட்டயரான ஸ்டேஷன் மாஸ்டர், பச்சைக் கொடி காட்டாமல் வாசலில் எறும்பைக்கூட நகர விடமாட்டார். கெட்ட மனிதர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும், விதி என்று ஒன்று இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டே நடக்கிறவர், அவ்வளவுதான். இரண்டு தடவை அப்பாவை வழியில் நிறுத்திக் கேட்டார். அப்பாவோ அவங்க வாடகைக்கு இல்லீங்க, எங்க ஊட்டு மனுசி என்று சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடிவிட்டார். உட்கார்ந்து விளக்கிச் சொல்ல அவருக்கு எங்கே பொறுமை.

ஜூலை மாதம் சங்கத்துப் பொதுக்குழு நடந்தது. அன்று அப்பாவுக்குக் கும்மிடிப்பூண்டி ஆலையில் செகண்டு ஷிப்டு. நோட்டீஸில் துணை விதி மீறல் பற்றி நடவடிக்கை என்று ஒரு வரி இருந்தது, அது நம் தலைதான் என்று யார் கண்டது. பொதுக்குழு என்றால் நம் காலனியில் என்ன நடக்கும், நீதான் சின்ன வயதில் வாசலில் காத்துக்கொண்டு நிற்பாயே, பூந்தியும் காராசேவும் கட்டின பொட்டலம். வராதவர்கள் வீட்டுக்குச் சங்கத்துப் பியூன் அமீருதீன் பொட்டலத்தைக் கொண்டுவருவார், கூடவே கூட்டத்துக் கையெழுத்து ஏட்டையும் நீட்டுவார், ஒரு கையெழுத்து போட்டால் ஒரு பொட்டலம். சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து இப்படித்தான். ஷிப்டுக்குப் போன ஆம்பிளைகளுக்குப் பெண்டாட்டிகள்தான் போடுவோம். ரேஷன் கடையில் போடவில்லையா, உன் பள்ளிக்கூட மார்க் அட்டையில் போடவில்லையா, அதுபோல. அன்றும் அமீருதீன் வந்து, யக்கா, மாமா பேருக்கு நேரா ஒண்ணு போட்டுடு, இன்னிக்கி பூந்தி நெய்யில பொரிச்சது என்றார். நானும் மணவாளன் என்று அழகாகப் போட்டுவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்தேன். அமீருதீன் சொன்னது பொய்யில்லை, பூந்தி நன்றாகத்தான் இருந்தது.

பத்து நாள் கழித்து ரிஜிஸ்தர் தபால் வந்தது. பதினேழாம் எண் வீட்டின் ஒதுக்கீடு ரத்து, முப்பது நாளில் காலி செய்யவும். ஒரு வீட்டை ரத்து செய்வதென்றால் முப்பது உறுப்பினர்களில் இருபது பேர் கூட்டத்தில் இருக்க வேண்டுமாம், ஏட்டின்படி இருபத்திரண்டு பேர் இருந்தார்களாம், ஒருமனதாக நிறைவேறியதாம். அந்த இருபத்திரண்டில் உன் அப்பாவும் ஒருவர். தன் வீட்டைப் பிடுங்கச் சொல்லித் தானே உட்கார்ந்து தலையாட்டினார் என்று ஆகிவிட்டது. நான் அந்தக் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன் ரத்னா. ஒரு பொட்டலம் பூந்திக்காக வீட்டை எழுதிக் கொடுத்தவள் நான் என்று அப்போதுதான் உறைத்தது. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சோறு போடு, பசிக்குது என்றார். திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பெரியபாளையம் வழியாகப் போகிற பஸ்ஸில் திருவள்ளூருக்குப் போய் துளசிராமன் என்ற வக்கீலைப் பார்த்தோம். கூட்டுறவுத் துணைப் பதிவாளர் முன்னால் மனு போட வேண்டும் என்றார், போட்டார், விசாரணை முடியும் வரை காலி செய்ய வேண்டாம் என்று உத்தரவும் வாங்கிக் கொடுத்தார். அந்தப் புண்ணியவான் நன்றாக இருக்கட்டும். ஆனால் அவர் ஒன்று சொன்னார். ஏட்டில் இருக்கிற கையெழுத்து என்னுடையது இல்லை என்று மணவாளன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஆலையில் ஷிப்டில் இருந்ததற்குச் சீட்டு வாங்கி வரவேண்டும், அப்படியானால் யார் போட்டது என்று அந்தப் பக்கத்து வக்கீல் கேட்பார், ஃபோர்ஜரி என்று கத்துவார், அதற்குத் தயாராக வாருங்கள் என்றார். திரும்பி வரும்போது அப்பா பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, ஊடு போனா போவட்டும்மே, கள்ளக் கையெழுத்து போட்டவளுன்னு ஒன்னிய ஊர்ல பேசிக்கினு திரிவானுங்க, அதுக்கு நான் என் வாயால சாட்சி சொல்லணுமா என்றார். ஆலையில் சீட்டு வாங்கவே இல்லை. கேட்டால் சூப்பர்வைசர் லீவு, ஆபீஸ் பூட்டு என்று தினம் ஒரு சாக்கு.

இதற்கு நடுவில் ரோசம்மாள் அக்காவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் புடவைகூட மாற்றாமல் டிரங்குப் பெட்டியை அடுக்க ஆரம்பித்துவிட்டாள். என்னால ஒங்க ஊடு போவக் கூடாது எல்லம்மா, நான் மாதா கோயிலாண்ட எங்கியாச்சும் பாத்துக்கறேன் என்றாள். எனக்கு வந்ததே கோபம், பெட்டிச் சாவியைப் பிடுங்கி என் தாலிக் கயிற்றில் முடிந்துகொண்டேன். என் பேத்தி மூச்சு விடுகிற வரைக்கும் நீ இந்த வீட்டில்தான் இருக்கிறாய் என்று கத்தினேன். கத்தினேன் என்றால் பக்கத்து வீட்டுப் பச்சையம்மா தோசைச் சட்டுவத்தோடு ஓடி வந்துவிட்டாள், அவ்வளவு கத்தல். அவள் வந்ததும் ஒரு விதத்தில் நல்லதுதான். அவளும் அன்று தன் புருஷனுக்காகக் கையெழுத்து போட்டுப் பொட்டலம் வாங்கினவள். உட்கார்ந்து எண்ணிப் பார்த்தோம், காலனியில் அன்று அப்படிப் போட்டவர்கள் ஆறு பேர். ஆறு பேரைக் கழித்தால் கூட்டத்தில் இருந்தது பதினாறுதான். அப்பா வாயைத் திறக்கமாட்டார், நான் திறந்தால் என்ன என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், அவரிடம் மட்டும் சொல்லவில்லை.

அக்டோபரில் விசாரணை. துணைக்கு என்று சொல்லித்தான் நானும் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் பச்சையம்மாவோடு இன்னும் இரண்டு பெண்கள் சீவிச் சிங்காரித்து நிற்கிறார்கள். மீதி இரண்டு பேரைப் புருஷன்மார் விடவில்லை. வந்தவர்களில் ஒருத்திக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாமல் வழியெல்லாம் வாந்தி, அவள் தலையைப் பிடித்துக்கொண்டதில் எனக்குப் பயப்பட நேரமே கிடைக்கவில்லை. கூண்டு கூண்டு என்று அப்பா பயந்தாரே தவிர அங்கே கூண்டெல்லாம் இல்லை, பெரிய மேஜை, அதற்குப் பின்னால் கண்ணாடி போட்ட அதிகாரி, அந்தப் பக்கம் சுப்பராயனும் அவர்கள் வக்கீலும், ஏட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மூலையில் அமீருதீன். இது உங்கள் கையெழுத்தா என்று அப்பாவைக் கேட்டார்கள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் எழுந்துவிட்டேன். நான்தான் சார் போட்டேன், பூந்திப் பொட்டலத்துக்குப் போட்டேன், கூட்டத்துக்குப் போடவில்லை என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. அந்தப் பக்கத்து வக்கீல் குதித்தார், வீட்டைக் காப்பாற்றப் பெண்டாட்டி பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறாள், இது மணவாளன் கையெழுத்தேதான் என்றார்.

அதிகாரி ஃபைலைப் புரட்டி, அப்பா சங்கத்தில் சேர்ந்தபோது அதிகாரிகள் முன்னால் கையெழுத்துப் போட்ட படிவத்தை எடுத்தார். ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் நீட்டி, உங்கள் பெயரை எழுதுங்கள் என்றார். ரத்னா, உன் அப்பா பழவேற்காட்டு ஏரியில் வலை இழுத்து வளர்ந்தவர், பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அந்தப் படிவத்துக்காக நான் மூன்று நாள் அவரை உட்கார வைத்துப் பேரை மட்டும் எழுதப் பழக்கினேன், அதற்கு அப்புறம் அவர் பேனாவைத் தொட்டதில்லை. சுப்பராயன் மாதிரி ஆட்களுக்கு முன்னால் அது தெரிந்துவிடக் கூடாது என்று, பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ரயிலில் போகிறவர். அவர் பேனாவை வாங்கிக்கொண்டார். இரும்புக் கம்பியைத் தூக்குகிற கை. ஒவ்வொரு எழுத்தாக, ம போட்டு நிறுத்தி, ண போட்டு நிறுத்தி, எழுதி முடித்தார். கடைசி ன்னுக்குப் புள்ளி வைக்க மறந்து, திரும்ப வந்து வைத்தார். படிவத்தில் இருந்ததும் அதே கோணல்தான். ஏட்டில் இருந்தது என் கை, அச்சடித்த மாதிரி. பள்ளிக்கூடப் பிள்ளைக்கே வித்தியாசம் தெரியும்.

அதற்கப்புறம் அமீருதீனைக் கேட்டார்கள். தற்காலிக வேலை, தலைவர் பக்கத்தில் நிற்கிறார், மூன்று பிள்ளைகள். ஆனாலும் அவர் பூசி மெழுகவில்லை. நாந்தான் சார் ரிஜிஸ்தரைத் தூக்கிக்கினு ஊடு ஊடாப் போனேன், ஆம்பிளைங்க ஷிப்டுல இருந்தா பொம்பளைங்க போட்டுட்டுப் பொட்டலம் வாங்கிக்குவாங்க, எப்பவும் இப்டித்தான், இது தப்புன்னு இன்னி வரைக்கும் யாரும் சொன்னதில்ல சார் என்றார். பச்சையம்மாவும் மற்ற இருவரும் ஒருவர் பின் ஒருவராக ஆமாம் என்றார்கள். நான்கு கையெழுத்து கழிந்தால் மீதி பதினெட்டு, இருபதுக்குக் குறைவு. பொட்டலம் வாங்கியதற்குப் போட்டது வேறு, கூட்டத்துக்கு வந்ததற்குப் போட்டது வேறு, இரண்டையும் ஒரே ஏட்டில் வாங்கியது சங்கத்தின் தவறு, இனி அடுத்தவர் பெயரை எதற்கும் போடாதீர்கள் அம்மா என்று அதிகாரி என்னைப் பார்த்துச் சொன்னார். அந்த அதட்டலோடு விட்டாரே, அவர் பிள்ளைகுட்டிகள் நூறு வயது இருக்கட்டும்.

தீர்மானம் செல்லாது என்று நவம்பரில் உத்தரவு வந்தது. நான் துள்ளினேன், வக்கீல் என்னை உட்கார வைத்தார். ஆள் குறைவு என்பதால்தான் செல்லாது, சரியான ஆட்களோடு திரும்பக் கூட்டம் போட்டு அதே தீர்மானத்தைக் கொண்டுவர அவர்களுக்கு உரிமை உண்டு என்றார். சுப்பராயனா விடுவார், மறு வாரமே நோட்டீஸ், இந்தத் தடவை வீட்டு எண்ணோடு. டிசம்பர் ஒன்று, காலை பத்து மணி, ஆலைக்கு லீவு நாளாகப் பார்த்து வைத்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும், ஷிப்டுக்காரர்கள் எல்லாரும் வரட்டும் என்றுதான் அந்த நாளை வைத்தார். அன்று காலை ரோசம்மாள் அக்கா பெட்டியை வாசலண்டை கொண்டுவந்து வைத்துவிட்டாள், எப்படிப் போனாலும் நான் கிளம்பறேன் என்று. சாவி என்னிடம் இருக்கிறதே, பூட்டாமலே கொடிக் கயிற்றால் கட்டியிருந்தாள்.

இருபத்தெட்டு பேர் வந்தார்கள். பெண்களெல்லாம் ஜன்னலுக்கு வெளியே நின்றோம். சுப்பராயன் தீர்மானத்தைப் படித்தார், முன்மொழிபவர் யார் என்று கேட்டார். போன தடவை முன்மொழிந்தவர் சின்னராசு. அவர் மருமகளுக்கு இப்போது எட்டாம் மாதம், வாராவாரம் ரோசம்மாள் அக்காதான் போய்ப் பார்க்கிறாள், அவர் தன் கால் கட்டை விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். சுப்பராயன் இரண்டாவது தடவை கேட்டார். யாரோ தொண்டையைச் செருமினார்கள், வெறும் செருமல்தான். மூன்றாவது தடவை கேட்டார். அந்த அறையில் பாதிப் பேர் வீட்டுப் பிள்ளைகள் அக்கா கையில் பிறந்ததுகள் என்று எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது, அவர்களுக்கும் அப்போதுதான் வந்ததோ என்னவோ. ஒரு கை எழும்பவில்லை. முன்மொழிவார் இல்லாததால் தீர்மானம் எடுத்துக்கொள்ளப்படவில்லை என்று சுப்பராயன் தானே எழுதி, ஏட்டை மூடினார். அப்புறம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, ரோசம்மாளை வீட்டில் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு ஒரு மனு எழுதிக் கொடுத்திருந்தால் முதல் நாளே முடிந்திருக்குமே மணவாளன், அதுதானே விதி என்றார். அமீருதீனை வேலையை விட்டு எடுக்க வேண்டும் என்று குழுவில் இரண்டு பேர் கேட்டதற்கும், உண்மையைச் சொன்னதற்கு நீக்க எந்த விதியிலும் இடமில்லை என்று சொல்லிவிட்டாராம். ஐந்து மாதம் அந்த மனிதரை மனதுக்குள் நான் வைத வசவுக்கெல்லாம் இப்போது கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன். மனு கொடுத்தாயிற்று, அனுமதியும் வந்தாயிற்று. இனிமேல் வீட்டுக்குப் பொட்டலம் வராது என்றும் ஒரு தீர்மானம் போட்டுவிட்டார்கள், அதில் மட்டும் எனக்கு வருத்தம்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் பெட்டி இருக்கிறது, அக்காவைக் காணோம். யாருக்கோ வலி என்று வண்டி வந்து கூப்பிட்டுப் போய்விட்டதாம். நான் பெட்டியை இழுத்துக்கொண்டு போய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அவள் திரும்பி வந்து பார்த்துவிட்டுக் குழம்புக்கு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள், இரண்டு பேரும் வெங்காயத்தின் பேரில் அழுது தீர்த்தோம். நமக்கு யார் யார் துணை நின்றார்கள் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகிறது ரத்னா. நீ அமீருதீனுக்கு ஒரு கடிதம் போடு, அவர் பெண் மெஹர்னிசாவுக்கு அந்த ஊர்க் கம்பளிச் சட்டை ஒன்று கிடைத்தால் அனுப்பு, அளவு செல்விக்கு இரண்டு மடங்கு. பச்சையம்மாவை விசாரித்ததாக எழுது, அவளுக்கு அது போதும். செல்விக்கு அம்மை வராமலிருக்க அம்மைப் பால் வைத்தாயா, வைக்காவிட்டால் இந்த மாதமே வை, இதை மறந்தால் ரோசம்மாள் அக்காவே ரயிலேறி வந்துவிடுவாள். குவார்ட்டர்ஸில் யாரையாவது கூட வைத்துக்கொள்வதானால் முதலில் எழுதிக் கேள், உன் அம்மாவைப் போல இருக்காதே. நீங்கள் மூவரும் நோய் நொடியில்லாமல், நாலு பேருக்கு உதவியாக, மனம் குளிர்ந்து வாழ வேண்டும் என்று எல்லாச் சாமியையும், அக்காவின் மாதாவையும் சேர்த்துக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று. நீ ஹாஸ்டலில் படித்த காலத்திலிருந்து உனக்கு வருகிற கடிதங்களில் கடைசியில் அப்பா கையெழுத்து இருக்குமே, எங்க அப்பா கையெழுத்து முத்து மாதிரி இருக்கும் என்று தோழிகளிடம் காட்டினேன் என்று ஒரு தடவை சொன்னாயே. அது எல்லாமே நான் போட்டது. நீ பெருமையாகச் சொன்னதால் அவர் சொல்ல விடவில்லை, நானும் சொல்லவில்லை. திருவள்ளூரிலிருந்து வந்த மறுநாளிலிருந்து அவர் உன் பழைய சிலேட்டை வைத்துக்கொண்டு தினம் ஷிப்டு முடிந்து வந்து எழுதிக்கொண்டிருக்கிறார். இன்று நான் வழக்கம்போல அவர் பேரைப் போடப் போனேன், பேனாவைப் பிடுங்கிக்கொண்டார், எம் பொண்ணுக்கு நானே போடறேன், நீ தள்ளு என்கிறார். கடைசித் தாளில் கால் மணி நேரமாக மூன்று வார்த்தை எழுதுகிறார், இந்த வரிகளை நான் பென்சிலால் எழுதுகிறேன். மை கொட்டியிருந்தால் சிரிக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
எல்லம்மா

உன் அப்பா
மணவாளன்